முதுகுன்றத்து விதைக்கு முதுகுன்றத்துப் பெயர்

தமிழ்நாட்டு உழவன் இன்று தன் நிலத்தில் இடுகின்ற விதைக்கு ஆங்கில எழுத்துகளால் பெயர். அப் பயிருக்கு அவன் செய்துகொள்ளும் காப்பீட்டுக்கு இந்தியில் பெயர். அப் பயிரின்மேல் அவன் தெளிக்கும் நஞ்சுக்கு அவனால் படிக்கவும் இயலாத பெயர். உழுவது தமிழன், உழப்படுவது தமிழ்நிலம், விளைவது தமிழர் உண்ணும் உணவு. இடையில் வந்து நிற்கும் பெயர்கள் மட்டும் பிறமொழிப் பெயர்கள். இதனை வெறும் மொழிச் சிக்கல் என்று ஒதுக்கிவிட எண்ணுவோர் உளர். இஃது உழவனின் வயிற்றுச் சிக்கல்; சிற்சில இடங்களில் உயிர்ச் சிக்கலுமாகும். கடலூர் மாவட்டத்து முதுகுன்றத்தைக் கொண்டே இதனை விளக்குவோம்.

முதுகுன்றம் என்றவுடன், அஃது எவ்வூர் என்று கேட்கும் தமிழர் இருப்பதே நம் இழிநிலைக்குச் சான்று. விருத்தாசலம் என்று தொடர்வண்டி நிலையத்தில் எழுதியுள்ளார்களே, அவ்வூர்தான். தேவார மூவரும் அதனைத் திருமுதுகுன்றம் என்றே பாடினர். முதுமை என்னும் சொல்லை விருத்தம் என்றும், குன்றத்தை அசலம் என்றும் பெயர்த்து விருத்தாசலம் ஆக்கினர். பழமலைநாதர் விருத்தகிரீசுவரர் ஆனார். மறைக்காட்டை வேதாரணியம் ஆக்கிய அதே கைவேலைதான் இது. பொருளை மாற்றவில்லை, பொருளை உணரும் உரிமையை மட்டும் மக்களிடமிருந்து பறித்தனர். தமிழில் இருந்தவரை ஊர்ப்பெயரின் பொருள் சிறுபிள்ளைக்கும் விளங்கியது. வடமொழியில் ஏறியபின் அதனை ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

இவ்வூரைப் பீங்கான் நகர் என்று பலரும் அறிவர். வெண்களிமண்ணைக் குழைத்துச் சூளையிலிட்டுக் கலங்களும் பொம்மைகளும் மின்தடைப் பொருள்களும் செய்யும் தொழிற்பேட்டை இங்குண்டு. ஆயின் சூளைக்கு அப்பால் இஃது உழவர் ஊர். சுற்றியுள்ள செம்மண் மேட்டு நிலங்களில் நிலக்கடலையும் எள்ளும் முந்திரியும், நீர் பாயும் இடங்களில் நெல்லும் கரும்பும், மேற்கே வேப்பூர்ப் பக்கத்தில் மக்காச்சோளமும் வரகும் விளைகின்றன. மண்ணும் உழவும் இவ்வூரில் வேறுவேறல்ல. முன்னாளில் குயவர் வனைந்த குதிரிலும் தாழியிலும் பானையிலுந்தான் உழவர் விதைகூலம் காத்தனர். குதிர் என்ற பொருள் வீட்டை விட்டுப் போயிற்று. அதனோடு அச் சொல்லும் போயிற்று. இரண்டையும் தொடர்ந்து, வீட்டிலேயே விதை காக்கும் வழக்கமும் போயிற்று. இன்று விதை பையில் வருகின்றது; பையின்மேல் அச்சிட்ட பெயரோடு வருகின்றது.

அப் பெயர் யாது? முதுகுன்றத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. நிலக்கடலை, எள், முந்திரி ஆகியவற்றில் நல்ல விதைவகைகளையும் ஒட்டுவகைகளையும் உருவாக்கித் தந்த நிலையம் அது. அவ் ஆய்வறிஞர்களின் உழைப்பை யாம் மதிக்கின்றோம். ஆயின் அவர்கள் தந்த வகைகளின் பெயர் ‘வி.ஆர்.ஐ. 2’, ‘வி.ஆர்.ஐ. 3’ என்பன. விருத்தாசலம் என்பதன் ஆங்கில எழுத்துச் சுருக்கமே ‘வி.ஆர்.ஐ.’! தமிழ்ப் பெயரை வடமொழியாக்கி, அவ் வடமொழியை ஆங்கிலத்தில் எழுதி, அவ் ஆங்கிலத்தின் தலையெழுத்துகளைக் கிள்ளி எடுத்து, முதுகுன்றத்து மண்ணில் பிறந்த விதைக்குச் சூட்டியுள்ளனர். ஈரடிமையின் முத்திரை ஒரே பையில் குத்தப்பட்டுள்ளது.

இஃது இயலாமையால் நேர்ந்ததா? இல்லை. ஆடுதுறை நிலையம் தந்த நெல்லை உழவர் ‘ஆடுதுறை 36’ என்றே கேட்டு வாங்குகின்றனர். ஆடுதுறை என்னும் ஊரும் அதன் உழைப்பும் உழவர் நாவில் நிலைத்துவிட்டன. ஆடுதுறைக்கு இயன்றது முதுகுன்றத்துக்கு ஏன் இயலாது? ‘முதுகுன்றம் 2’ என்று ஒரு நிலக்கடலை விதைக்குப் பெயரிட்டால் அது முளைக்க மறுக்குமா?

பெயரிடும் ஆற்றல் நம் உழவனுக்கு இல்லாததன்று. நிலக்கடலை இந் நாட்டுப் பயிரன்று. தென்னமெரிக்காவில் தோன்றிக் கடல் கடந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் பெருகிப் புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாகப் பிரெஞ்சு நாட்டு எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. மணிலாவின் பெயரால் மணிலாக்கொட்டை என்றனர்; அதுவே மக்கள் வாயில் மல்லாட்டை என்று தேய்ந்து இன்றும் இவ் வட்டாரத்தில் வழங்குகின்றது. ஆயின் தமிழன் அத்துடன் நிற்கவில்லை. பூத்தபின் காம்பு மண்ணுக்குள் இறங்கி, மண்ணுக்கடியில் காய்க்கும் அதன் இயல்பைக் கண்டு நிலக்கடலை என்றான். ஒரே சொல்லில் பயிரின் வாழ்க்கையையே அடக்கிவிட்டான். காம்பு மண்ணில் இறங்கவேண்டுமாயின் மண் இளகியிருக்கவேண்டும். ஆகவே நாற்பது முதல் நாற்பத்தைந்து நாளில் மண் அணைக்கவேண்டும் என்னும் உழவுமுறையின் கரணியம் அப் பெயரிலேயே இருக்கின்றது. ‘வி.ஆர்.ஐ.’ என்னும் மூன்றெழுத்தில் என்ன இருக்கின்றது?

நெல்லின் பழம்பெயர்களையும் எண்ணிப் பாருங்கள். யானையும் மறையும் உயரம் வளர்வது காட்டுயானம். கரிய உமியும் குறுகிய வாழ்நாளும் உடையது கருங்குறுவை. சீரகம் போல் சிறுத்த மணியுடையது சீரகச் சம்பா. மல்லிகை போல் வெளுத்தது தூயமல்லி. இவை வெறும் பெயர்களல்ல; எழுதப்படாத வேளாண் நூல்கள். 1966-இல் ஐ.ஆர். 8 வந்தது, எண்கள் பெருகின, பெயர்கள் மறைந்தன, பெயர்களோடு நெல்லும் மறைந்தது. நம்மாழ்வார் ஊக்க, நெல் செயராமன் ஊர் ஊராய் அலைந்து, ஏறத்தாழ 170 மரபு நெல்வகைகளை மீட்டார். 2006 முதல் திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நடத்தப்பட்ட நெல் திருவிழாக்களில் இரண்டிரண்டு கல்லம் விதை பெற்றுச் சென்ற உழவர்கள் அடுத்த ஆண்டு இரட்டிப்பாகத் திருப்பித் தந்து அவற்றைப் பரப்பினர். அவர் எப்படித் தேடினார்? பெயரைச் சொல்லித்தான் தேடினார்! பெயர் ஒருவர் நினைவில் இருந்ததனால்தான் விதை ஒருவர் பரணில் கிடைத்தது.

இனி, பெயர் தெரியாமையால் உழவன் இழக்கும் பொருளைப் பார்ப்போம். 2016-இல் இந்திய அரசு கொண்டுவந்த பயிர்க்காப்பீட்டுத் திட்டத்தின் பெயர் ‘பிரதான் மந்திரி பசல் பீமா யோசனா’. பசல் என்றால் பயிர். பீமா என்றால் காப்பீடு. இதனை முதுகுன்றத்து உழவத்தி எங்ஙனம் அறிவாள்? அத் திட்டத்தில் பருவங்கள் ‘காரிப்’ என்றும் ‘இரபி’ என்றும் பிரிக்கப்பட்டு, உணவுப் பயிருக்கும் எண்ணெய் விதைக்கும் முன்னதற்கு 2 விழுக்காடும் பின்னதற்கு 1.5 விழுக்காடும் உழவர் பங்காகப் பெறப்படுமென்று வகுக்கப்பட்டது. அவ்விரண்டும் அரபுமொழிச் சொற்கள். இலையுதிர் காலத்தையும் இளவேனிலையும் குறிப்பவை. வடநாட்டின் மழையையும் பனியையும் அளவாகக் கொண்ட அப் பிரிவுக்குள், வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் நம் சம்பாவும் தாளடியும் எங்கே பொருந்தும்? நம் உழவனுக்கு ஆடிப்பட்டம் தெரியும், மார்கழிப்பட்டம் தெரியும், குறுவை தெரியும். அவன் நாள்காட்டியை அவன் மொழியிலிருந்து பிரித்தெடுத்து, வேறொரு நாட்டுக் காலத்தை அவன்மேல் ஏற்றுகின்றனர்.

அத் திட்டத்தில் இன்னொரு விதியுண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளத்தேக்கம் போன்றவற்றால் தனியொருவர் வயலுக்குக் கேடு நேர்ந்தால் 72 மணி நேரத்திற்குள் அறிவிக்கவேண்டும். இதனை அறியாத உழவன், வெள்ளம் வடியட்டும் என்று நான்கு நாள் காத்திருப்பான், வடிந்தபின் போவான், காலம் கடந்தது என்பர். மொழி தெரியாமை இங்கே நேராகப் பண இழப்பாகின்றது. ஆவணத்தின் முதற்பக்கத்தில், பெரிய எழுத்தில், நல்ல தமிழில், ‘மூன்று நாளுக்குள் சொல்லுக’ என்று அச்சிட எவ்வளவு மை செலவாகும்?

பொருளிழப்பினும் கொடியது உயிரிழப்பு. பூச்சிக்கொல்லிப் புட்டிகளில் நான்கு நிறங்களில் அடையாளம் இடவேண்டுமென்பது 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின் கட்டளை. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கடுத்தது, நீலம் நடுத்தரமானது, பச்சை குறைந்த நஞ்சு. பச்சையும் நஞ்சே என்பதை உழவர் உள்ளத்தில் பதிக்கவேண்டும். பச்சை நிறம் பயிருக்கு நலம் என்று எண்ணிவிடுதல் எளிது. வட்டார மொழியிலும் குறிப்பு இடம்பெற வேண்டுமென்று அவ் விதிகளே கூறுகின்றன. ஆயின் அக் குறிப்பு எறும்பெழுத்தில், பல மடிப்புள்ள தாளில், பொருள் விளங்காத மொழிபெயர்ப்பில் இருக்குமானால், அதனால் யாருக்குப் பயன்? கைபட்டால் என்ன செய்வது, தெளித்த எத்தனை நாளுக்குப்பின் காயைப் பறிக்கலாம் என்பனவற்றை உழவன் கடைக்காரர் வாய்ச்சொல்லாகவே கேட்டறிகின்றான். விற்பவர் வாய்ச்சொல்லே வாங்குபவருக்கு நூலாக இருக்கும் நிலை எத்துணை இடருடையது!

உணவின் பெயரையும் விட்டுவைக்கவில்லை. 2023-ஆம் ஆண்டை ஒன்றிய நாடுகள் அவை சிறுகூலங்களின் ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு இந்திய அரசு தன் நிதிநிலை அறிக்கையில் அவற்றுக்குச் ‘சிறீ அன்னா’ என்று பெயர் சூட்டியது. வரகும் சாமையும் தினையும் குதிரைவாலியும் கேழ்வரகும் கம்பும் தனித்தனிச் சுவையும் தனித்தனிப் பருவமும் உடையன. அத்தனையையும் ஒரு வடமொழிப் பெயருக்குள் கட்டிவைத்தால் நாளைக்கு நகரத்துப் பிள்ளைக்கு வரகு எது, சாமை எது என்று தெரியாது. தெரியாததை அவன் கேட்டு வாங்கமாட்டான். கேட்டு வாங்காததை உழவன் விதைக்கமாட்டான்.

“பெயரை மாற்றினால் விலை ஏறிவிடுமா?” என்று நம்மை எள்ளுவோர் கேட்பர். நல்ல வினாவே. முதுகுன்றத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தமிழ்நாட்டின் பெரிய கூடங்களுள் ஒன்று. அத்தகைய கூடங்கள் எதற்காகத் தோன்றின? எடையிலும் தரகிலும் உழவர் ஏமாற்றப்பட்டதனால்தான் 1933-இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. 1987-இல் தமிழ்நாட்டில் புதிய சட்டம் வந்தது. எடையை உழவன் தன் கண்ணால் காணவேண்டும், விலையைத் தன் காதால் கேட்கவேண்டும் என்பதே அவற்றின் உயிர்க்கருத்து. காணவும் கேட்கவும் உரிமை தந்துவிட்டுப் படித்தறியும் உரிமையை மறுப்பது அரைகுறை நயன்மையன்றோ? 2016-இல் ‘இ-நாம்’ என்னும் மின்சந்தை வந்தது. அதன் பெயரின் பொருளை, அதில் தன் மூட்டையை ஒப்படைக்கும் உழவர்களுள் எத்தனைப் பேர் சொல்வர்? பெயர் விலையை ஏற்றாது; ஆனால் பெயர் புரியாதவனுக்கு விலை சொல்லும் துணிவு வாராது.

“தமிழ்ச்சொல் வழக்கில் ஊன்றாது” என்பது அடுத்த தடை. 2018-இல் அமெரிக்கக் கண்டத்துப் புழுவொன்று இந்தியாவில் நுழைந்து, தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைச் சூறையாடியது. அதற்குப் படைப்புழு என்று தமிழில் பெயரிட்டனர். படைபோல் திரண்டு அழிக்கும் புழு! ஓராண்டுக்குள் அச் சொல் ஊர்தோறும் பரவிற்று. ஆங்கிலப் பெயரை யாரும் கேட்கவில்லை. தாசில்தார் வட்டாட்சியர் ஆனதும், 1982-இல் மாயூரம் மீண்டும் மயிலாடுதுறை ஆனதும் இவ்வாறே. அரசு எழுதினால் மக்கள் சொல்வர். மக்கள் சொன்னால் சொல் வாழும். 2020-இல் 1,018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் தமிழ் ஒலிப்புக்கேற்ப எழுத ஆணை பிறப்பித்து, சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றனர். அந்த ஆணை நின்றிருந்தாலும் ஆங்கில எழுத்தே திருந்தியிருக்கும், முதுகுன்றம் திரும்பியிராது.

தமிழ்நாட்டு அரசு 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கையைத் தமிழில் படிக்கத் தொடங்கியதை யாம் பாராட்டுகின்றோம். அத் தமிழ் சட்டமன்றத்தோடு நின்றுவிடாமல் விதைப்பை வரை வந்து சேரவேண்டும். 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றிய நாட்டில் இதனைக் கேட்டுப் பெறவேண்டியிருப்பதே நாணத்தக்கது. நம் வேண்டுகைகள் நான்கே. முதுகுன்றம் என்னும் பெயர் அரசு ஏடுகளிலும் பெயர்ப்பலகைகளிலும் மீளவேண்டும். அந் நிலையம் இனி வெளியிடும் விதைகள் அவ்வூரின் தமிழ்ப்பெயரால் வழங்கவேண்டும். காப்பீட்டு ஆவணமும் நஞ்சுப் புட்டியின் குறிப்பும் உழவர் படிக்கும் அளவில், உழவர் பேசும் தமிழில் அச்சிடப்படவேண்டும். நடுவண் அரசின் எத் திட்டமும் தமிழ்நாட்டில் தமிழ்ப்பெயராலேயே நடக்கவேண்டும்.

அரசைக் கேட்பதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. முதுகுன்றத்தை அடுத்த மணக்கொல்லையில் பிறந்த எழுத்தாளர் கண்மணி குணசேகரன், தம் மண்ணின் சொற்களைத் தேடித் திரட்டி நடுநாட்டுச் சொல்லகராதி என்னும் நூலாகத் தந்துள்ளார். தனி ஒருவர் செய்ததை ஓர் இயக்கம் செய்ய இயலாதா? நம் அன்பர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் களத்துமேட்டுக்குச் செல்லுங்கள். ஏரின் உறுப்புகள், மண்ணின் வகைகள், மழையின் பெயர்கள், பயிரின் நோய்கள், அளவைகள் ஆகியவற்றை முதியோர் வாயிலிருந்து எழுதிவாருங்கள். காப்பீட்டுத் தாளையும் நஞ்சுக் குறிப்பையும் தெருத்திண்ணையில் அமர்ந்து உழவருக்குப் படித்துக் காட்டுங்கள். மேடையில் முழங்கும் தமிழினும் இத் தமிழ்த்தொண்டு உயர்ந்தது.

முதுகுன்றத்து மணிமுத்தாற்றில் பொன்னை இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் சுந்தரர் என்பது பழங்கதை. ஆற்றில் இட்டதைக் குளத்தில் எடுப்பது இறையருள் பெற்றாருக்கு இயலலாம். நமக்கு இயலாது. சொல்லை எங்கே தொலைத்தோமோ அங்கேயே, நம் வயலிலும் நம் சந்தையிலும் நம் வாயிலுந்தான் மீட்டெடுக்கவேண்டும். அடுத்த ஆடிப்பட்டத்தில் விதை கேட்கும்போது ‘முதுகுன்றத்து நிலக்கடலை’ என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் விளக்கிச் சொல்லுங்கள். பத்துப்பேர் கேட்டால் அவர் அட்டையில் எழுதிவைப்பார். நூறுபேர் கேட்டால் பையிலும் அச்சாகும்.