டயரைக் குற்றம் சொல்லாதீர்!

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்)

மலருக்குக் கட்டுரை கேட்டதும் ராக்கெட், ரோபோ என்று பெரிதாக ஏதாவது எழுதலாமென்றுதான் நினைத்தேன். கடைசியில் ஒரு தேய்ந்த டயரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

எங்களுடையது கடற்கரை ஊர். கட்டுமரமாக இருந்தால் கட்டைகளை அவிழ்த்துத் தோளில் தூக்கிப் போய்விடலாம். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. 28 அடிப் படகை யார் தூக்குவது? பழுது பார்க்கப் பட்டறைக்கும், திரும்பக் கரைக்குமாக டிராக்டரில் டிரெய்லர் மாட்டி இழுக்கிறார்கள். என் தாய்மாமாவுக்கு அதுதான் பிழைப்பு. ஒரே ஆக்சில், இரண்டு சக்கரம், அவ்வளவுதான் டிரெய்லர்.

அதில் இடது பக்க டயர் மட்டும் வெகு சீக்கிரம் மொட்டையாகிக்கொண்டே வந்தது. "கம்பெனி சரியில்ல, வேற டயர் போடுங்க" என்றார் டயர் கடைக்காரர். மாமாவும் போட்டார். அதுவும் தேய்ந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஏன் மருமவனே, டிப்ளமா படிக்கிறியே, இது ஏன்னு சொல்லு பாப்போம்" என்றார்.

நானும் சொன்னேன். நின்ற இடத்திலிருந்தே ஓர் ஓரத்தைப் பார்த்துவிட்டு, "ஓரம் தேஞ்சிருக்கு, காத்து குறைவு மாமா" என்றேன். காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும், கூடினால் நடு தேயும். பரீட்சையில் இதை எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். ஆனால் மாமாவின் டயரில் தேய்ந்திருந்தது உள்பக்க ஓரம் மட்டும். குனிந்து மறு ஓரத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் மாமா மறுபேச்சே பேசவில்லை. இரண்டு மாதம் காற்றை ஏற்றி ஏற்றி ஓட்டினார். இன்னொரு டயரும் போயிற்று. அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அதன் பிறகுதான் ஒழுங்காக வேலையை ஆரம்பித்தேன். முதலில் இடது வலது டயர்களை மாற்றி மாட்டினோம். சில வாரத்தில் இடப்பக்கம் வந்த டயர்தான் உள் ஓரம் தேய்ந்தது. ஆக, தின்றது டயரல்ல, அந்த இடம்.

அடுத்து ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். லொடலொடவென்று ஆட்டம். ஹப்பைக் கழற்றினால் கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. ஓடி வந்த சூட்டோடு டிரெய்லரைக் கடல்நீரில் இறக்குகிறோம். ஹப் சட்டென்று குளிர, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. உப்புத்தண்ணீர் பட்ட பேரிங் என்னத்துக்கு ஆகும்? புது பேரிங், புது சீல் போட்டு, கிரீஸ் அடைத்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, காட்டர் பின் குத்தினோம். வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

என் அப்பா கொத்தனார். அவருடைய தூக்குக்குண்டை வாங்கிக்கொண்டு போய், வெறும் டிரெய்லரைச் சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு வெளியே நூலைத் தொங்கவிட்டேன். நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை அளந்தேன். வலப்பக்கம் வித்தியாசம் 2 மி.மீ. இடப்பக்கம் 11 மி.மீ. சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. எப்போதோ கல்லில் மோதியதோ, வலை, ஐஸ் பெட்டி, என்ஜின் எல்லாவற்றோடும் படகை ஏற்றியதோ, ஆக்சிலின் அந்த முனை வளைந்துவிட்டது. இது எந்த டயர் போட்டாலும் தின்னத்தான் செய்யும்.

வெல்டிங் பட்டறையில், "காய்ச்சி நாலு அடி அடிச்சா நிமிந்துடும் தம்பி" என்றார்கள். இங்கேதான் நான் பிடிவாதமாக நின்றேன். இஷ்டத்துக்குக் காய்ச்சினால் இரும்பின் பலம் போய்விடும். இன்று நிமிரும், நாளை பாரத்தோடு அதே இடத்தில் மறுபடி வளையும், இல்லை வெடிக்கும். அந்த டிரெய்லர் போகிற ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. படகின்மேல் பையன்கள் வேறு ஏறி உட்கார்ந்து வருவார்கள். சக்கரம் கழன்று ஓடினால் டயர் காசு கணக்கா முக்கியம்? வேறு ஆக்சில்தான் மாற்ற வேண்டும் என்றேன். ஒரு தடவை தப்பாகச் சொன்னவன் சொல்கிறானே என்று மாமா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு பத்து நாள் வாடகையை விட்டுவிட்டு ஆக்சிலை மாற்றினார்.

நம் லேபில் வீல் அலைன்மென்ட் சொல்லித் தருகிறார்கள். எல்லாம் காருக்கு. டை ராடைத் திருகினால் சரியாகும். டிரெய்லரில் திருகுவதற்கு என்ன இருக்கிறது? "டயர் தேய்மானத்தின் காரணங்கள் யாவை?" என்று கேள்வி வருகிறது, எழுதுகிறோம். தேய்ந்த டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து வைத்து, "இது ஏன், கண்டுபிடி" என்று யாரும் கேட்பதில்லை. பஞ்சர் கடை வாசலில் இத்தகைய டயர்கள் சும்மா கிடக்கின்றன. பத்து டயரை லேபில் அடுக்கி வைக்க என்ன செலவாகிவிடும்? மாதம் ஒரு சனிக்கிழமை நம் ஒர்க்‌ஷாப்பைத் திறந்துவிட்டு, பக்கத்து ஊர் டிரெய்லர்களை, மாட்டு வண்டியானாலும் சரி, வரச் சொல்லி அளந்து பார்த்தால் நமக்கும் படிப்பு, அவர்களுக்கும் லாபம். மாணவர் பேரவை இதை நிர்வாகத்திடம் கேட்க வேண்டுமென்பது என் கோரிக்கை.

மாமாவின் டயர் இப்போது அகலம் முழுக்க ஒரே சீராகத் தேய்கிறது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் குனிந்து இரண்டு ஓரத்தையும் தடவிப் பார்க்கிறேன். தூக்குக்குண்டு மட்டும் மாமாவின் டிராக்டர் பெட்டியிலேயே தங்கிவிட்டது. அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.