நெட் எழுதியாச்சு, ரிசல்ட் எப்போ? ஜே.ஆர்.எஃப் காத்திருப்புக் காலத்தில் என்ன செய்யலாம்?

2024 ஜூன் 18 அன்று நாடு முழுவதும் 9,08,580 பேர் யு.ஜி.சி நெட் தேர்வை எழுதினார்கள். மறுநாளே மத்திய கல்வி அமைச்சகம் அந்தத் தேர்வை ரத்து செய்தது. ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை கணினி வழியில் மறுதேர்வு நடந்தது. ரிசல்ட் வந்தது அக்டோபர் 17-ம் தேதி. அதாவது, முதல் தேர்வு எழுதிய நாளிலிருந்து கிட்டத்தட்ட சரியாக நான்கு மாதம்.

மறுதேர்வு எழுதியவர்கள் 6,84,224 பேர்தான். ஜூனில் எழுதியவர்களை விட 2.24 லட்சம் குறைவு. இதில் ஜே.ஆர்.எஃப் கிடைத்தது 4,970 பேருக்கு. எழுதிய 138 பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் போட்டியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எப்படிப் படிக்கலாம், எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று ஆயிரம் வீடியோ இருக்கிறது. தேர்வு முடிந்த மறுநாளில் இருந்து ரிசல்ட் வரைக்குமான காலத்தைப் பற்றி மட்டும் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வேலைக்குப் போகலாமா, வீட்டில் என்ன சொல்வது, அடுத்த முறைக்கு இப்போதே படிக்க ஆரம்பிக்கலாமா? எல்லாக் கேள்விகளும் வரிசைகட்டி நிற்பது அப்போதுதான்.

இந்த ரிசல்ட்டில் அப்படி என்ன இருக்கிறது?

பணம் இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப் தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எஸ்.ஆர்.எஃப் ஆக உயர்ந்தால் மாதம் 42,000 ரூபாய். மொத்தம் ஐந்து ஆண்டுகள் என்று கணக்குப் போட்டால் 24 லட்சம் ரூபாய். வீட்டு வாடகைப் படியும் ஆய்வுச் செலவுக்கான தொகையும் இதில் சேராது.

இது கிடைக்காவிட்டால்? மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி சேர்ந்தால், நான்-நெட் ஃபெலோஷிப்பாக மாதம் 8,000 ரூபாய் கிடைக்கலாம். மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் அதுவும் கிடையாது; வேறு உதவித்தொகையைத் தேட வேண்டும், அல்லது கைக்காசு போட வேண்டும். 37,000 எங்கே, 8,000 எங்கே! பலருக்கு ஜே.ஆர்.எஃப் ரிசல்ட் என்பது ‘பிஎச்.டி பண்ண முடியுமா, முடியாதா’ என்பதற்கான பதிலும்கூட.

இதில் வயதுக் கணக்கும் உண்டு. ஜே.ஆர்.எஃப்புக்கான வயது வரம்பு 30. பெண்கள், ஓ.பி.சி, எஸ்.சி, எஸ்.டி, மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோருக்கு ஐந்து ஆண்டுத் தளர்வு இருக்கிறது. வரம்பை ஒட்டி நிற்பவருக்கு ஒவ்வொரு சுழற்சியும் கடைசி பஸ் மாதிரிதான்.

தேர்வு முடிந்தபின் உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் தற்காலிக விடைக்குறிப்பும், நீங்கள் என்ன டிக் செய்தீர்கள் என்ற பதிவும் வெளியாகும். ஒரு விடை தவறு என்று நினைத்தால், கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். பாட வல்லுநர்கள் அவற்றைப் பார்த்து இறுதி விடைக்குறிப்பைத் தயாரிப்பார்கள். ஒரே பாடத்துக்குப் பல ஷிஃப்ட்களில் தேர்வு நடந்திருந்தால், கடினமான ஷிஃப்ட்டில் எழுதியவர் பாதிக்கப்படாமல் இருக்க மதிப்பெண்கள் பர்சன்டைல் முறையில் சமன்படுத்தப்படும். அதன்பிறகு பாடவாரியாக, பிரிவுவாரியாக இடங்களைப் பிரித்து கட்-ஆஃப் முடிவாகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விடைக்குறிப்பை வைத்து நீங்கள் கூட்டிப் பார்க்கும் மார்க் ஓர் உத்தேசம் மட்டுமே. சமன்படுத்திய பிறகு அது மாறும். கட்-ஆஃபும் ஒவ்வொரு முறையும் மாறும். ‘போன தடவை கட்-ஆஃபை விட 4 மார்க் கூட இருக்கு, கன்ஃபார்ம்’ என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் உண்டு. அதேபோல், ‘2 மார்க் கம்மி, அவ்ளோதான்’ என்று ரிசல்ட்டுக்கு முன்பே ஒதுங்கிவிடவும் தேவையில்லை.

ரிசல்ட்டோடு காத்திருப்பு முடிந்துவிடுவதும் இல்லை. ஜே.ஆர்.எஃப் விருதுக் கடிதம் வர வேண்டும். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க வேண்டும். வழிகாட்டி கிடைக்க வேண்டும். சேர்ந்த பிறகு சான்றிதழ்களைச் சரிபார்த்து, வங்கிக் கணக்கு இணைந்து, முதல் மாதத் தொகை கைக்கு வர வேண்டும். ‘ரிசல்ட் வந்தா எல்லாம் சரியாயிடும்’ என்று கடன் வாங்குபவர்கள் இந்த இடைவெளியையும் சேர்த்தே கணக்குப் போடுவது நல்லது.

காத்திருப்பின் வலியைக் குறைக்க வழி இருக்கிறதா?

இதை உண்மையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் சட்டம் படித்தவர்கள் வழக்கறிஞர் ஆக ‘பார்’ தேர்வு எழுதி, முடிவுக்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்த 230 பேரை, கலிஃபோர்னியா பல்கலைக்கழக ரிவர்சைடு வளாகத்தின் உளவியலாளர் கேட் ஸ்வீனியும் அவருடைய குழுவும் பின்தொடர்ந்தார்கள். ஆய்வு 2016-ல் வெளியானது.

முடிவு கொஞ்சம் விசித்திரமானது. கவலையைக் குறைக்க அவர்கள் செய்த முயற்சிகள் எதுவும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. ஆனால், காத்திருந்தபோது பதற்றப்பட்டவர்கள், ‘ஃபெயில் ஆயிடுவோமோ’ என்று யோசித்துக்கொண்டே இருந்தவர்கள், கெட்ட செய்தி வந்தபோது அதை நன்றாகச் சமாளித்தார்கள். நல்ல செய்தி வந்தபோது கூடுதலாக மகிழ்ந்தார்கள். அலட்டிக்கொள்ளாமல் இருந்தவர்களைத் தோல்வி அதிகமாக உலுக்கியது.

ஆகவே, பயமாக இருக்கிறது என்பதற்காக உங்களிடம் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம். ‘பாசிட்டிவா இரு’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகரலாம். அதே குழுவின் பிந்தைய ஆய்வுகளில் உதவிய ஒரு விஷயம் இருந்தது: நேரம் போவதே தெரியாமல் மூழ்கிச் செய்யும் வேலை. வெறுமனே ரீல்ஸ் தள்ளுவது இதில் வராது. கொஞ்சம் சவாலும், செய்யச் செய்ய முன்னேற்றமும் தெரிய வேண்டும். கோடிங், மொழிபெயர்ப்பு, பாட்டு, பேட்மின்டன், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருவது என எதுவாகவும் இருக்கலாம்.

காத்திருக்கும்போது வேலைக்குச் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். ஃபெலோஷிப் வாங்கும் காலத்தில்தான் வேறு சம்பள வேலை கூடாது. இன்னும் பிஎச்.டி சேராதவர்களுக்கு ஜே.ஆர்.எஃப் விருதுக் கடிதம் மூன்று ஆண்டுகள் செல்லுபடியாகும். எனவே ரிசல்ட் வந்த மறுநாளே வேலையை விட்டு ஓட வேண்டியதில்லை. சேரும்முன் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, பாண்ட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

‘பிஎச்.டிக்கு மட்டும் தகுதி’ என்ற பிரிவில் வருபவர்களின் நிலை வேறு. அந்த மதிப்பெண் ஓர் ஆண்டுதான் செல்லும். நெட் மதிப்பெண்ணை ஏற்கும் பல்கலைக்கழகங்களில் அதற்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம். ரிசல்ட் தள்ளிப்போய், அந்த ஆண்டு அட்மிஷனும் முடிந்துவிட்டால், கையில் இருக்கும் மதிப்பெண்ணுக்கு ஆயுள் குறைந்துகொண்டே வரும். அதனால் இவர்கள் அட்மிஷன் அறிவிப்புகளை ரிசல்ட்டுக்கு முன்பே கண்காணிக்கத் தொடங்க வேண்டும்.

ரிசல்ட்டுக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

வழிகாட்டி: யு.ஜி.சியின் 2022 விதிகளின்படி, ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்ட முடியும். உங்களுக்குப் பிடித்த துறையில் உங்களுக்குப் பிடித்த ஆசிரியரிடம் இடம் இருக்குமா என்பதை இப்போதே மெயில் போட்டுக் கேட்கலாம். இரண்டு பக்க ஆய்வுக் குறிப்பு ஒன்றை இணைத்து அனுப்பினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

சான்றிதழ்: தமிழ்நாட்டில் நிறையப் பேர் இடறும் இடம் இது. மாநில அரசின் பி.சி, எம்.பி.சி சாதிச் சான்றிதழ் வேறு; மத்திய அரசு கேட்கும் ஓ.பி.சி நான்-கிரீமி லேயர் சான்றிதழ் வேறு. பின்னதைத் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். வருமானம் சார்ந்தது என்பதால் தேதியும் முக்கியம். கட்-ஆஃபில் தேறிவிட்டுச் சான்றிதழால் தவறவிடுவதைப் போலக் கொடுமை வேறில்லை.

இறுதியாண்டு மாணவர்கள்: முதுகலைப் பட்டத்தைத் தேவையான மதிப்பெண்ணோடு, நெட் முடிவு வந்த தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். அரியர் இருந்தால் அதை முடிப்பதே முதல் வேலை.

அடுத்த சுழற்சி: நெட் எழுத எத்தனை முறை என்ற வரம்பு இல்லை, ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. 2024 அக்டோபர் 17-ல் ரிசல்ட் வந்தது, நவம்பரிலேயே அடுத்த சுழற்சிக்கான விண்ணப்பம் தொடங்கிவிட்டது. ரிசல்ட் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவேன் என்றால் அவகாசம் இருக்காது. தினம் ஒரு மணி நேரம், முதல் தாளுக்காவது ஒதுக்கலாம்.

டெலிகிராம் தகவல்களை நம்பலாமா?

2024 ரத்துக்குப் பின்னால் இருந்த கதையே இதற்குப் பதில். டெலிகிராமில் சுற்றிய ஒரு ஸ்கிரீன்ஷாட்டை வைத்துத்தான் வினாத்தாள் கசிந்துவிட்டது என்ற சந்தேகம் கிளம்பியது. பிறகு விசாரித்த சி.பி.ஐ, அந்த ஸ்கிரீன்ஷாட்டே திருத்தப்பட்டது என்று கண்டறிந்தது. 2025 ஜனவரியில் வழக்கை முடித்துவைக்கக் கோரி நீதிமன்றத்தில் அறிக்கையும் தாக்கல் செய்தது. ஒரு போலிப் படம், 9 லட்சம் பேரின் நான்கு மாதம்.

‘இன்னிக்கு நைட் ரிசல்ட்’, ‘உள்ளே இருந்து வந்த கட்-ஆஃப்’ போன்ற பதிவுகளையும் இதே கண்ணோடு பாருங்கள். தேசியத் தேர்வு முகமையின் தளத்தைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்த்தால் போதும். ரிசல்ட் அங்கேயேதான் இருக்கும், எங்கும் ஓடிவிடாது.

தாமதம் யாருடைய பொறுப்பு?

இதுவரை சொன்னதெல்லாம் மாணவர் செய்யக்கூடியவை. ஆனால் எல்லாச் சுமையையும் மாணவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

பட்டியலின மாணவர்கள் உள்ளிட்டோர் வெளிநாட்டில் படிக்க உதவும் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தையே பாருங்கள். 2025 ஜூலையில் வெளியான பட்டியலில் 106 பேர் தேர்வாகியிருந்தார்கள். அவர்களில் முதற்கட்டமாகக் கடிதம் கிடைத்தது 40 பேருக்கு. மற்ற 66 பேருக்கு, நிதி இருப்பைப் பொறுத்து வழங்கப்படலாம் என்று சொல்லப்பட்டது. செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர, விசா எடுக்க வேண்டிய நேரத்தில் வந்த பதில் அது.

அமெரிக்காவிலும் அதே ஆண்டு இது நடந்தது. தேசிய அறிவியல் அறக்கட்டளை தன் பட்டதாரி ஆய்வு ஃபெலோஷிப்பை வழக்கமாகச் சுமார் 2,000 பேருக்குக் கொடுக்கும். 2025 ஏப்ரலில் 1,000 பேருக்கு மட்டும் அறிவித்தது. ஜூனில் திடீரென்று இன்னொரு 500 பேரைச் சேர்த்தது. அந்த 500 பேரில் பலர் இடைப்பட்ட இரண்டு மாதத்தில் வேறு முடிவுகளை எடுத்திருக்கக்கூடும்.

காத்திருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது, அது எல்லோருக்கும் ஒன்றல்ல. வீட்டில் சம்பளம் வருகிறவருக்கு நான்கு மாதம் என்பது சலிப்பு. மூத்த பிள்ளையின் வருமானத்தை எதிர்பார்த்து நிற்கும் வீட்டில் அது வாடகை, தம்பியின் ஃபீஸ், ‘வயசு ஏறுது, கல்யாணத்தைப் பார்க்கலாம்’ என்ற பேச்சு. அப்படி விலகிப்போனவர்களை எந்த ரிசல்ட் பட்டியலும் கணக்கில் எடுப்பதில்லை.

தேர்வு அறிவிப்பிலேயே ரிசல்ட்டுக்கு ஓர் உத்தேசத் தேதி; தள்ளிப்போனால் காரணத்தோடு புதிய தேதி; தேர்வானவர்களுக்கு எந்த மாதத்திலிருந்து பணம் வரும் என்ற எழுத்துபூர்வமான உறுதி. இந்த மூன்றையும் கேட்பது பேராசை இல்லை. ரயில்வே அட்டவணை போடும் நாட்டில் இதுவும் முடியும்.

வீட்டில் என்ன சொல்வது?

‘எப்போ வரும்னு தெரியல’ என்று ஒவ்வொரு நாளும் சொல்வதை விட, ஒரு தேதியைச் சொல்லிவிடுங்கள். ‘டிசம்பர் வரைக்கும் பார்க்கிறேன்மா. அதுவரை டியூஷன் எடுக்கிறேன், மாசம் இவ்வளவு தர்றேன். வரலைன்னா வேலைக்கு அப்ளை பண்றேன், அடுத்த தடவை வேலை பார்த்துட்டே எழுதுறேன்.’ கேட்பவருக்கும் ஒரு பிடி கிடைக்கும், சொல்பவருக்கும் தெளிவு கிடைக்கும்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், இனி எதுவும் வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் ரிசல்ட் வரை பொறுக்காதீர்கள். டெலி மானஸ் எண் 14416, தமிழ்நாடு அரசின் 104 என இரண்டு உதவி எண்களும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. தமிழிலேயே பேசலாம்.