வீட்டு வரவு செலவு: பெட்ரோல் குடிக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்

கடலூர் சிப்காட் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்கு அங்கே ரசாயனக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. வீட்டிலிருந்து கம்பெனி கேட்டுக்கு 6 கிலோமீட்டர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசையாம். போன தை மாசம் 2014 மாடல் டர்போ பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கிவிட்டார். "அக்கா, லிட்டருக்கு 9 தான் கொடுக்கிறது. மாசம் 600 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு 7,000 ரூபாய்க்குப் பக்கம் பெட்ரோல். ஒர்க்‌ஷாப்பில் எஞ்ஜினைப் பிரிக்கணும், 40,000 ஆகும் என்கிறார்கள். என் சீட்டுப் பணத்தைக் கேட்கிறார், கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்து ஓரத்தில், போகிற போக்கில் இன்னொரு வரி: "காரில் ஏறினாலே குழந்தை தலையைப் பிடித்துக்கொண்டு சிணுங்குகிறாள். சிப்காட் வாடைதான் பழகிப் போச்சே என்று விட்டுவிட்டோம்."

அந்த ஓரத்து வரிக்குத்தான் முதல் பதில். பெட்ரோல் காணாமல் போகிறது என்றால் ஒன்று எஞ்ஜினில் எரிகிறது, இல்லை வழியில் எங்கோ கசிகிறது. கசிந்தால் பணத்தோடு போகாது, நெருப்பு அபாயம். காலையில் வண்டியைக் கிளப்புமுன் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வண்டிக்கு அடியிலும் பின் சீட்டுப் பக்கமும் பெட்ரோல் வாடை இருந்தால் சாவியையே போட வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். டாங்க் நிரப்பும்போது குழாய் 'டக்' என்று நின்ற பிறகும் "இன்னும் கொஞ்சம் போடுப்பா" என்று சொல்கிற வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடச் சொல்லுங்கள். மிஞ்சின பெட்ரோல் ஆவி பிடிக்கிற கரிப்பெட்டியில் போய்ச் சேரும், அதனாலும் வாடை வரும்.

இன்னொன்று சைலன்ஸர். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவர்கள் சத்தத்துக்காக சைலன்ஸரை மாற்றுவது உண்டு. இணைப்பு சரியில்லாவிட்டால் புகை உள்ளே வரும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு வாடையே கிடையாது, தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம்தான் அடையாளம். காரில் வந்து, வெளியே காற்றில் நின்றால் சரியாகிறது என்றால் கார் மேல்தான் சந்தேகப்பட வேண்டும். உடனே குழந்தையை டாக்டரிடம் காட்டி, "காரில் ஏறினால்தான் இப்படி" என்பதையும் சொல்லுங்கள். வண்டியைச் சோதித்து முடிக்கிறவரை அவளை அதில் ஏற்றவே ஏற்றாதீர்கள். மூடிய ஷெட்டில் எஞ்ஜினை ஓடவிடுவதும் கூடாது.

சிப்காட் வாடை என்று விட்டுவிடுவதில்தான் ஆபத்து. உங்கள் ஊர் ஜனங்களே அப்படி விடவில்லையே! 2004-ல் அவர்கள் எந்த வாடை எப்போது எங்கே வருகிறது என்று குறித்து வைத்தார்கள். வாளியில் காற்றைப் பிடித்து சோதனைக்கும் அனுப்பினார்கள். நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். கம்பெனிப் பக்கம் போகாத நாளிலும் வாடை வருகிறதா, ஏ.சி. போட்டால் கூடுகிறதா என்று தேதியோடு எழுதுங்கள்.

அதே நோட்டின் அடுத்த பக்கம் மைலேஜுக்கு. ஒரே பங்க்கில் டாங்க் நிரப்பி, மீட்டரைக் குறித்து, அடுத்த தடவை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதி வகுக்க வேண்டும். 500 ரூபாய்க்குப் போட்டு முள்ளைப் பார்ப்பது கணக்கே இல்லை. ஒரு தடவைக் கணக்கை நம்ப வேண்டாம், மூன்று தடவையாவது போடுங்கள்.

வாடை விஷயம் தீர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்கு ஓட்டிப் போய் வாருங்கள். போக வர 80, 90 கிலோமீட்டர் வரும். அந்தப் பயணத்தில் 14, 15 கொடுத்து, கம்பெனிக்குப் போய்வரும்போது மட்டும் 9 கொடுத்தால் எஞ்ஜின் மேல் தப்பில்லை. இட்லிப் பானையில் முதல் ஈட்டுக்குத் தண்ணீர் கொதிக்கவே எவ்வளவு காஸ் போகிறது! எஞ்ஜினும் சூடாகிறவரை அப்படித்தான், கூடுதலாகப் பெட்ரோல் கேட்கும். 6 கிலோமீட்டரில் அது சூடேறி முடிப்பதற்குள் கம்பெனி கேட் வந்துவிடும். பக்கத்து ஓட்டத்துக்கு ஸ்கூட்டர் எடுங்கள் என்றால் கணவர் கோபிப்பார், இருந்தாலும் சொல்கிறேன்.

நெடுஞ்சாலையிலும் 9 தான் என்றால் செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். டயர் காற்று முதலில். டிரைவர் கதவோரத்திலோ பெட்ரோல் மூடியிலோ ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் ஆறியிருக்கும்போது பிடிக்க வேண்டும். அடுத்து ஏர் ஃபில்டர், பிளக். கடற்கரைக் காற்றில் பிரேக் பாகங்கள் துருப்பிடித்து இறுகிக்கொள்வதும் சகஜம். ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் காட்டிப் பாருங்கள் (தொட வேண்டாம், சுட்டுவிடும்). ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது.

டாஷ்போர்டில் சூட்டு முள் இருந்தால் அதையும் கவனியுங்கள். அரைமணி ஓடியும் நடுவுக்கு வராவிட்டால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றிருக்கலாம். எஞ்ஜின் இன்னும் ஆறியே இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். ஆக்ஸிஜன் சென்ஸார் பழசானாலும் இதே கதைதான். பர்னரில் காற்று குறைந்தால் ஜ்வாலை மஞ்சளாகி பாத்திரம் கரிப்பிடிக்கிறதல்லவா, அதுபோல சைலன்ஸரில் கறுப்புப் புகை வரும். இதைக் கண்டுபிடிக்க எஞ்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஸ்கேனர் மாட்டினால் தெரியும். பிரிக்கணும் என்று சொன்னவரிடம் ஸ்கேன் ரிப்போர்ட்டை எழுத்தில் கேளுங்கள்.

பழைய சொந்தக்காரர் என்னென்ன மாற்றினார் என்பதையும் விசாரியுங்கள். அழகுக்காகப் பெரிய சக்கரம் போட்டிருந்தால் மீட்டரே குறைத்துக் காட்டும். பெரிய சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குக் குறைவான சுற்றுதானே சுற்றும்! மைலேஜ் நிஜத்தைவிடக் குறைவாகத் தெரியும். கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றியிருந்தால் பழையபடி வைக்கச் சொல்லலாம்.

எல்லாரும் இப்போது எத்தனால்மேல் பழி போடுகிறார்கள். 2025-ல் நாடு முழுக்க 20 சதவீதக் கலப்பு வந்துவிட்டது உண்மைதான். எத்தனாலுக்கு லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் மைலேஜ் 100-க்கு 6, 7 குறையலாம். 2013-ல் வந்த போலோ ஜி.டி. டர்போ பெட்ரோல் காருக்குச் சோதனைக் கணக்கு லிட்டருக்குச் சுமார் 17. அது 16 ஆனால் எத்தனாலைச் சொல்லலாம், 9 ஆனால் சொல்ல முடியாது. ஆனால் 2014 வண்டியின் பெட்ரோல் ரப்பர் குழாய்கள் இந்தக் கலப்புக்காகச் செய்தவை அல்ல. வெடிப்பு இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் வாடைக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

மிச்சம் இருப்பது கணவரின் வலது கால். டர்போ என்பது விறகடுப்புக்கு ஊதுகுழல் மாதிரி. ஊதினால் ஜோராக எரியும், விறகும் சீக்கிரம் தீரும். அவர் எப்படி மிதிக்கிறார் என்று பக்கத்து சீட்டிலிருந்து ஒரு வாரம் பாருங்கள், ஒன்றும் சொல்லாமல். நோட்டில் எழுதினால் போதும்.

9 என்பது 13 ஆனாலே, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், மாசம் 2,000 ரூபாய் மிச்சம். சீட்டுப் பணத்தைப் பற்றி ஸ்கேன் ரிப்போர்ட்டும் மூன்று டாங்க் கணக்கும் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். குழந்தைக்குத் தலைவலி நின்றதா என்று மட்டும் உடனே ஒரு கார்டு போடுங்கள்.