பூச்சாடியும் பெரிய கலைதான்

ஓவிய வகுப்பில் ஆசிரியர் மேசைமேல் ஒரு பூச்சாடியை வைத்து, “இதை வரையுங்கள்” என்று சொன்னால் நம்மில் பலருக்குச் சலிப்புத் தட்டும். அசையாப் பொருள் ஓவியம் என்பது தொடக்க நிலையினருக்கான பயிற்சி மட்டுமே என்று கருதுவோரும் உண்டு. அக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

அமெரிக்க நவீன ஓவியர் பிளான்ச் லசெலை எடுத்துக்கொள்வோம். 1878ஆம் ஆண்டு மேற்கு வர்ஜீனியாவில் பிறந்த இவர், 1912ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்குப் பயணமானார். பாரிஸ் நகரில் ஓவியம் பயின்றார். நாற்பது வயதைக் கடந்த பின்னரும், 1923ஆம் ஆண்டு மீண்டும் பாரிஸுக்குச் சென்று, புகழ்பெற்ற நவீன ஓவியர்களிடம் மாணவியாகச் சேர்ந்தார்.

இத்தனை தொலைவு சென்றவர் எவற்றைப் படைத்தார்? பிராவின்ஸ்டவுன் என்னும் கடலோர ஊரில் தங்கி, அவ்வூர் வீடுகளையும் பூக்களையும் அச்சோவியங்களாக்கினார். பயணம் அவருக்குப் புதிய பார்வையைத் தந்தது. அந்தப் பார்வையைச் செலுத்த அவருக்கு அருகிலிருந்த பூக்களே போதுமானவையாக இருந்தன.

“அச்சோவியம் வெறும் நகல்தானே?” என்று சிலர் கேட்கலாம். வண்ண மரச்செதுக்கு அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப்பலகை செதுக்குவது பழைய வழக்கம். லசெல் கையாண்ட முறைக்கு ஒரே பலகை போதும். வடிவங்களின் எல்லைக்கோடுகளை அவர் பள்ளமாகச் செதுக்குவார். பிறகு, ஒவ்வொரு பகுதிக்கும் தூரிகையால் வண்ணம் பூசி, தாளை வைத்துத் தேய்த்து எடுப்பார். பள்ளத்தில் வண்ணம் படாததால், அவ்விடங்கள் தாளில் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். அடுத்த தாளுக்கு மீண்டும் முதலிலிருந்து வண்ணம் பூச வேண்டும். ஆகவே, ஒரே பலகையில் எடுத்த இரண்டு படங்கள்கூட முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இதனை நகல் என்று எப்படிச் சொல்வது?

கைப்பேசியில் ஒரு நொடியில் படம் எடுத்துவிட்டு, எடுத்த பொருளையே மறந்துவிடும் காலம் இது. ஒரு பூவின் எல்லை எங்கே முடிகிறது, இலையின் நிறம் எங்கே மாறுகிறது என்று பொறுமையாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் குறைந்து வருகிறது. அசையாப் பொருள் ஓவியம் அப்பழக்கத்தை வளர்க்கிறது என்பதே என் கருத்து.

மாணவர்களே, அடுத்த ஓவிய வகுப்பில் பூச்சாடி வந்தால் உடனே பென்சிலை எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் அதை உற்றுப் பாருங்கள். அதன் பிறகும் அது சலிப்பூட்டுகிறதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.