பெர்மிட் ஒருவர் பேரில், பஸ் வேறொருவர் கையில்

2025 ஜூன் 9 அதிகாலை, பேராக்கின் கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்து, உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டார்கள். சில நாள்களுக்குள் அந்த பஸ் நிறுவனத்தின் உரிமத்தைத் தரைப் பொதுப் போக்குவரத்து முகமையான அபாட் ரத்து செய்தது. பெர்மிட் வைத்திருந்தவர் அதைக் குத்தகைக்கு விட்டிருந்தாராம். பஸ்ஸை நடத்தியது வேறொரு நிறுவனமாம். பிணங்கள் வீடு போய்ச் சேர்ந்ததும் கண்ணில் பட்ட இந்தக் குற்றம், அதற்கு முன் அபாட்டின் கண்ணில் படாமல் போனது எப்படி?

இது கிரிக்கோடு முடிகிற விவகாரமல்ல. பினாங்கின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் சுற்றுலாக் கப்பல் அணையும் காலை நேரத்தில் வெளியே நிற்கும் வாகனங்களைப் பாருங்கள். ஒன்றில் ‘பாஸ் பெர்சியாரான்’ (சுற்றுலா பஸ்), இன்னொன்றில் ‘பாஸ் பெக்கெர்ஜா’ (தொழிலாளர் பஸ்) என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு வகைக்கும் தனி உரிமம். பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயரும் இருக்கும். அந்தப் பெயரும், வாடகைப் பணத்துக்குக் கொடுக்கப்படும் ரசீதில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று சரிபார்க்கிறவர் யார்?

பெர்மிட் குத்தகை என்பது ஊரறிந்த அலிபாபா வியாபாரம். பெர்மிட்காரர் உட்கார்ந்த இடத்தில் பணம் வாங்குகிறார். எடுத்து நடத்துகிறவர் அந்தப் பணத்தையும் கட்டி, வண்டித் தவணையும் கட்டி, மிச்சத்தில் லாபம் பார்க்க வேண்டும். டயரை மாற்றுவது தள்ளிப்போகிறது. பிரேக் ‘அடுத்த மாதம்’ ஆகிறது. ராத்திரி முழுக்க ஓட்டியவரே காலையிலும் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறார். பாதுகாப்புத் தணிக்கைக்குப் போகிற அதிகாரி பெர்மிட்காரர் அலுவலகத்துக் கோப்பைப் புரட்டுகிறார். பஸ்ஸோ வேறொருவர் கொட்டகையில் நிற்கிறது. விபத்து என்று வந்தால் ஒருவரை ஒருவர் கை காட்டிக்கொள்ளவும் வசதி.

காரில் ஐந்தாறு பேரை ஏற்றும் இ-ஹெய்லிங் ஓட்டுநரின் பாட்டைப் பாருங்கள். 2019 முதல் அவர் பிஎஸ்வி எனும் பொதுச் சேவை வாகன லைசென்ஸ் எடுக்க வேண்டும், உடல் பரிசோதனை செய்ய வேண்டும், மூன்று வயது தாண்டிய காரை ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், தனிக் காப்புறுதி வாங்க வேண்டும். இளைத்தவனிடம் எல்லா விதியும் செல்லுபடியாகிறது. 40 பேரை ஏற்றும் பஸ்ஸின் உரிமம் மட்டும் கைமாறி ஓடுகிறது.

பினாங்குக்கு இதில் தனி அக்கறை உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் ஷிப்ட் வாடகை பஸ்களை நம்பித்தான் நடக்கிறது. 2017 அக்டோபரில் ஜூரு அருகே தொழிற்சாலை பஸ்கள் இரண்டு மோதி எட்டுப் பேர் இறந்ததை இவ்வூர் மறந்திருக்காது. அந்த விபத்தின் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் தொழிலாளியை ஏற்றிச் செல்லும் பஸ் யாருடைய பொறுப்பு என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. குறைந்த விலை சொன்னவருக்குக் குத்தகையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கும் ஆலை நிர்வாகங்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவைதாம். நம் கோயில் கமிட்டிகளும் விலக்கல்ல. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு பஸ் பிடிக்கும்போது அன்னதானக் கணக்கைப் பார்க்கிற அக்கறையில் பாதியாவது பெர்மிட் மேல் இருக்கிறதா?

கிரிக்குக்குப் பிறகு, 2025 ஜூலை முதல் விரைவு பஸ்களிலும் சுற்றுலா பஸ்களிலும் இருக்கை வார் கட்டாயமாக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் பயணியின் இடுப்பில் வாரைக் கட்டிவிட்டு பெர்மிட்காரரின் கையை அவிழ்த்து விட்டிருப்பது ஒழுங்காகாது. உரிமத்தை ரத்து செய்வது தண்டனையே அல்ல. இன்னொரு பேரில் இன்னொரு பெர்மிட் எடுக்க எவ்வளவு நேரமாகும்?

போக்குவரத்து அமைச்சும் அபாட்டும் செய்ய வேண்டியது இது: குத்தகைக்கு விட்டவர், எடுத்தவர் இருவரையும் நீதிமன்றத்தில் நிறுத்துங்கள். தணிக்கையைக் கோப்பிலிருந்து கொட்டகைக்கு மாற்றுங்கள். ஓட்டுநருக்குச் சம்பளம் போவது யார் கணக்கிலிருந்து என்று பாருங்கள், குட்டு தானாக உடையும். வண்டி எண்ணைத் தட்டினால் உரிமம் யாருடையது, எந்த வகை, எதுவரை செல்லும் என்று வாடகைக்கு எடுக்கும் எவருக்கும் கைப்பேசியிலேயே தெரியும்படி செய்யுங்கள். அடுத்த தைப்பூசத்துக்கு பஸ்கள் புறப்படும் முன் இது நடக்க வேண்டும்.