சோர்ஸ் கோடு கொடுத்தால் மட்டும் போதுமா?

செல்போனில் லொகேஷன் வசதியை ஆன் செய்து படம் எடுத்தால், எடுத்த இடமும் படத்திலேயே பதிவாகிவிடும். ஆனால் ஜிபிஎஸ் இல்லாத டிஜிட்டல் கேமராக்கள் இன்றும் ஏராளம். அவற்றில் தேதியும் நேரமும் பதிவாகும், இடம் பதிவாகாது. இந்தக் குறையைத் தீர்க்கும் ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்களில் ஒன்று ஜிபிஎஸ்கோரிலேட்.

இது செயல்படும் விதம் எளிது. சுற்றுலாவின்போது நீங்கள் சென்ற வழியைச் செல்போன் மூலம் ஜிபிஎக்ஸ் ஃபைலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வீடு திரும்பியதும் அந்த ஃபைலையும் படங்களையும் இந்தப் புரோகிராமிடம் கொடுங்கள். ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கணக்கிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் படத்தின் எக்ஸிஃப் தகவலில் எழுதிவிடும். ஜிபிஎக்ஸ் ஃபைலில் இருப்பது யுடிசி நேரம். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இந்த வித்தியாசத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

புரோகிராம் இலவசம், சோர்ஸ் கோடும் கிடைக்கிறது. பிறகு என்ன குறை என்று கேட்கிறீர்களா? சோர்ஸ் கோடை அப்படியே இயக்க முடியாது. கம்பைல் செய்ய வேண்டும். அதற்குப் படத்தின் தகவலைக் கையாளும் எக்ஸிவ்2, ஜிபிஎக்ஸ் ஃபைலைப் படிக்கும் லிப்எக்ஸ்எம்எல்2, விண்டோ காட்டும் ஜிடிகே ஆகிய லைப்ரரிகள் தேவை. ஒன்று குறைந்தாலும் திரை முழுக்க எர்ரர் செய்திதான். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் அந்த இடத்திலேயே வெறுத்துப்போய் விட்டுவிடுவார்.

டெபியன் லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லை. பேக்கேஜ் பட்டியலில் தேடி இன்ஸ்டால் செய்தால், தேவையான லைப்ரரிகளும் சேர்ந்தே வந்துவிடும். இதற்குப் பின்னால் ஒரு தன்னார்வலரின் உழைப்பு இருக்கிறது. லைசென்ஸைச் சரிபார்ப்பது, தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடுவது, பயனாளர்களின் புகார்களைக் கவனிப்பது எல்லாம் அவர் வேலை. அது ஒருமுறையோடு முடிவதும் இல்லை. 2023-ல் எக்ஸிவ்2-ன் 0.28 பதிப்பு வந்தபோது, அதை நம்பியிருந்த பல புரோகிராம்களின் கோடில் மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. இப்படிக் கவனிக்க ஆள் இல்லாத பேக்கேஜ் ஒருநாள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டுவிடும். கோடு இணையத்தில் அப்படியே இருக்கும், நமக்கோ பயன்படாது.

ஆகவே புரோகிராமை எழுதியவருக்குத் தரும் மதிப்பைப் பேக்கேஜ் செய்பவருக்கும் தர வேண்டும் என்பதே என் கருத்து. சோர்ஸ் கோடை வெளியிட்டதோடு தம் வேலை முடிந்தது என்று நினைக்கும் புரோகிராமர்களும் இதை யோசிக்க வேண்டும். தேவையான லைப்ரரிகள் எவை, எந்தப் பதிப்பு வேண்டும் என்று தெளிவாக எழுதி வைத்தாலே பாதி வேலை குறையும்.

நமக்கும் பங்கு உண்டு. பிழை கண்டால் சும்மா விட்டுவிடாமல், எந்தப் பதிப்பில், என்ன செய்தபோது வந்தது என்று எழுதி அனுப்புங்கள். மெனுக்களைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுங்கள். இவற்றுக்குப் புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இலவசமாகப் பெறுவதற்கு நாம் தரும் விலை இதுவாக இருக்கட்டும்.