ஒரே ரோல்: 12 படமா, 36 படமா?

மக்களே, ஃபிலிம் கேமரா என்று பேச்செடுத்தாலே இரண்டு கோஷ்டி கிளம்பிவிடும். "120 ஃபிலிம் போடுவதுதான் கேமரா, 35 மி.மீ. எல்லாம் பொம்மை" என்று ஒரு கோஷ்டி. "அந்தப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யார் அலைவது?" என்று இன்னொன்று. நான் பி.காம். மாணவன். தீர்ப்பு சொல்வதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

முதலில் அடிப்படை (தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்). 120 ஃபிலிமை கோடக் கொண்டுவந்தது 1901-ல். இதுதான் மீடியம் ஃபார்மட். யாஷிகா, ரோலிஃப்ளெக்ஸ் மாதிரி இரட்டைக் கண் கேமராக்களில் 56-க்கு 56 மி.மீ. சதுரமாக, ரோலுக்கு 12 படம் விழும். 35 மி.மீ. என்பது சினிமாக்காரர்களின் ஃபிலிம். 1925-ல் லைக்கா விற்பனைக்கு வந்த பிறகு சாதாரண போட்டோவுக்கும் பரவியது. படம் 24-க்கு 36 மி.மீ., ரோலுக்கு 36 படம்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 12 சதுரப் படங்களின் மொத்தப் பரப்பு சுமார் 376 சதுர செ.மீ. 36 சின்னப் படங்களின் பரப்பு சுமார் 311. அதாவது, இரண்டு ரோலிலும் சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்! அதை 12 பங்காக வெட்டுவதா, 36 பங்காக வெட்டுவதா என்பதே வித்தியாசம். ரோல் விலையும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், பெரிய ஃபிலிமில் ஒரு படத்தின் அடக்கவிலை ஏறக்குறைய மூன்று மடங்கு. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ஃபிலிமும் இன்று இல்லை. எனவே இந்த மூன்று மடங்கு நன்றாகவே கடிக்கும்.

அந்தக் கூடுதல் செலவுக்கு என்ன கிடைக்கிறது? 8-க்கு 10 அங்குல பிரிண்ட் போட வேண்டும் என்று வையுங்கள். 35 மி.மீ. நெகட்டிவை எட்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும். சதுர நெகட்டிவை நாலரை மடங்கு ஆக்கினால் போதும். பெரிதாக்கும்போது லென்சின் குறையும், ஃபிலிமின் மணல்மணலான துகள்களும் சேர்ந்தே பெரிதாகும். ஆகவே சின்ன ஃபார்மட்டுக்கு லென்ஸ் ரொம்பவே நன்றாக இருந்தாக வேண்டும். பெரிய ஃபார்மட்டில் சுமாரான லென்சும் பாஸ் மார்க் வாங்கிவிடும். பரோடாவில் தயாரான அக்ஃபா க்ளிக் III-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மிக எளிய லென்ஸ்தான். ஆனாலும் அதில் எடுத்து, நெகட்டிவ் அளவிலேயே போட்ட, வெள்ளை ஓரம் வைத்த குட்டிச் சதுரப் படங்கள் பழைய ஆல்பங்களில் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. பெரிதாக்கவே இல்லையே, குறை எங்கிருந்து தெரியும்?

ஒரு கட்டுக்கதையையும் உடைத்துவிடலாம். "பின்னணி மங்கலாகி முகம் மட்டும் எடுப்பாகத் தெரிவது மீடியம் ஃபார்மட்டில்தான் வரும்" என்பார்கள். சதுரக் கேமராவின் 80 மி.மீ. லென்சை எஃப் 2.8-ல் திறந்தால் துவாரத்தின் விட்டம் 28.6 மி.மீ. 35 மி.மீ. கேமராவின் சாதாரண 50 மி.மீ. லென்சை எஃப் 1.8-ல் திறந்தால் 27.8 மி.மீ. இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலக் காட்சியைத்தான் பிடிக்கின்றன. எனவே மங்கலும் ஏறக்குறைய அதேதான். போதாததற்கு 1.8-ல் இரண்டு மடங்குக்கும் மேல் வெளிச்சம் உள்ளே வருகிறது. சாயங்கால நேரத்தில் இது பெரிய விஷயம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் தேரோட்டம். இரட்டைக் கண் கேமராவில் குனிந்து கண்ணாடியைப் பார்த்தால் இடம் வலமாகத் தெரியும். தேர் வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் போகும் :-) அந்தக் கூட்டத்தில் 12 படம் முடிந்து ரோல் மாற்றுவதற்குள் தேர் அடுத்த வீதிக்குத் திரும்பியிருக்கும். கோபுரமும் அப்படித்தான். 40 மீட்டர் உயரம் என்று வையுங்கள். மாற்ற முடியாத 80 மி.மீ. லென்சோடு, முழுக் கோபுரமும் உள்ளே வர சுமார் 50 மீட்டர் பின்னால் போக வேண்டும். நடுவில் கரண்ட் கம்பி, ஆட்டோ, கடைப் பலகை எல்லாம் வந்துவிடும். 35 மி.மீ. கேமராவில் 28 மி.மீ. லென்சை மாட்டி நெட்டுவாக்கில் பிடித்தால் 18 மீட்டர் போதும். கடலூர் தேவனாம்பட்டினத்தில் விடிகாலையில் கரை சேரும் படகுகளுக்கும் சின்ன கேமராதான் சரி.

அப்படியானால் சதுரக் கேமரா எதற்கு? அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. பாட்டி, கல்யாணக் குரூப் போட்டோ, வகுப்பு போட்டோ. இருபது முகங்கள் இருக்கும் படத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் கிடைக்கும் ஃபிலிம் பரப்புதான் கணக்கு. அதில் சின்ன ஃபார்மட் கிட்டேயே வர முடியாது.

என் கட்சி இதுதான்: புதிதாக ஃபிலிமில் எடுக்க நினைக்கும் மாணவன் 35 மி.மீ. கேமராவும் 50 மி.மீ. லென்சும் வாங்கட்டும். தப்பு செய்து பழக 36 வாய்ப்பு வேண்டும். ஆனால் பாதுகாக்க வேண்டியது என்று வந்தால், முதல் மரியாதை அந்தப் பெரிய சதுர நெகட்டிவ்களுக்கு.

ஏன் சொல்கிறேன் என்றால், நம்முடையது கடலோர மாவட்டம். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல் இரண்டையும் பார்த்தது. தண்ணீர் புகுந்த வீட்டில் ஆல்பம் தப்பாது. எங்கோ ஒரு ஸ்டுடியோ பெட்டியில் இருக்கும் நெகட்டிவ்தான் அதற்கு மிச்சமிருக்கும் ஒரே நகல். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளி இருப்பதால், மூடப்படும் ஸ்டுடியோக்களின் நெகட்டிவ்கள் எடைக்குப் போகும் ஆபத்தும் உண்டு. பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களில் ஒரு பகுதியை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. ஆனால் நம் குடும்பத்துப் படத்தை நாம்தான் தேட வேண்டும்.

கடலூரோ சிதம்பரமோ, உங்கள் தாத்தா பாட்டி கல்யாணப் படத்தின் பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கடை இன்னும் இருந்தால் ஒரு நடை போய்க் கேளுங்கள். கிடைத்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். 12-ஆ 36-ஆ என்ற சண்டையை அங்கேயே தொடரலாம்.

பி.கு.: நெகட்டிவை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்!